யப்பானியமும் தமிழும் பயின்ற சுசுமு ஓனோ

விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, நாவலர் பெருமானோ விபுலானந்த அடிகளோ தனிநாயக அடிகளோ என் நினைவில் முதற்கண் எழுந்திருத்தல் வேண்டும். தமிழாசிரியன் ஒருவனுக்கு அதுவே இயல்பு. ஆயின் என் நெஞ்சில் முன்வந்து நின்றவர் யப்பான் நாட்டவர். அதற்குக் காரணமுண்டு. அதனை மறையாது கூறிவிட்டே மேலே செல்லுதல் முறை.

மன்னார்த் தீவின் தென்கரையிலே கடலையே வயலாகக் கொண்டு வாழும் ஊர் தாழ்வுபாடு. அவ்வூர் மாணவன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் உயர்தர வகுப்புத் தமிழ் பயின்றான். பரீட்சைப் பெறுபேறு வந்தபின் ஒருநாள் மாலை தன் தந்தையாரோடு என் இல்லத்துக்கு வந்து, தான் பல்கலைக்கழகத்திலே யப்பானிய மொழியையும் இலக்கியத்தையும் பட்டத்துக்குரிய பாடமாகப் பயில விழைவதாகச் சொன்னான். களனிப் பல்கலைக்கழகத்தில் அம்மொழி பட்டப்படிப்புக்குரிய பாடங்களுள் ஒன்று என்பதையும், க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கும் அஃது ஒரு பாடம் என்பதையும் அவன் வாய்மொழியாகவே யான் அறிந்தேன். தந்தையார் கரைவலைத் தொழிலர். வாத்தியார் சொல்வதே முடிவு என்னும் பாவனையில் அவர் என் முகத்தையே பார்த்திருந்தார். யான் நகைத்துவிட்டேன். யப்பானுக்குத் தொழில் தேடிச் செல்வதாயின் பேச்சுமொழியை ஆறு மாதத்திற் கற்றுக்கொள்ளலாமே. ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்நாட்டார் பாட்டைப் படித்து மன்னார்ப் பிள்ளை ஒன்று யாது செய்யப் போகின்றது என்று கேட்டேன். பையன் தலை கவிழ்ந்தான். தந்தையார் ஒன்றும் பேசாது எழுந்து சென்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. சங்கப் பாட்டைப் படித்து என்ன காணப் போகின்றாய் என்று இளமையிலே உறவினர் என்னை நோக்கிக் கேட்ட கேள்வியையே யான் அவனை நோக்கிக் கேட்டிருக்கின்றேன் என்பது அப்பொழுதே புலப்பட்டது. யப்பானியத்தைப் பல்கலைக்கழகத்தில் ஓதிய ஒருவர் அதனைக்கொண்டு யாது செய்தார் என்று அறியப் புகுந்தேன். அவ்வாறு புகுந்தவிடத்துக் கண்ட வரலாறே சுசுமு ஓனோவின் வரலாறு. தமிழுக்கும் யப்பானியத்துக்கும் உறவுண்டு என்று கூறியவர் என்ற அளவில் அவர் பெயரை நம்மவர் பலரும் அறிவர். அதற்கு முன்னர் அவர் நாற்பதாண்டு செய்த பணியை அறிந்தார் மிகச் சிலரே. யானும் அறியாதவனாகவே இருந்தேன்.

சுசுமு என்னும் பெயருக்கு அவர்தம் மொழியிலே முன்னேறிச் செல்லுதல் என்பது பொருள். 1919ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆம் நாள், தோக்கியோ நகரின் கீழ்ப்பகுதியாகிய புக்ககாவாவில், சர்க்கரை மொத்த வாணிகம் செய்த குடும்பத்தில் அவர் பிறந்தார். புக்ககாவா ஆற்றங்கரையும் கால்வாய்களும் மரக்கிடங்குகளும் செறிந்த வணிகர் பகுதி. அவருக்கு நான்கு வயது நிரம்பிய சில நாட்களில், 1923 செப்ரெம்பர் முதலாம் நாள் நிகழ்ந்த பெரு நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த தீயும் அப்பகுதியை அழித்தன. கைசேய் நடுநிலைப் பள்ளியிலும், பின்னர் நாட்டின் மிகச் சிறந்த மாணாக்கர் மட்டுமே புகத்தக்க முதலாம் உயர்பள்ளியிலும் பயின்று, தோக்கியோ இராசாங்கப் பல்கலைக்கழகத்தின் இலக்கியப் பீடத்தில் அவர் சேர்ந்தார். மருத்துவமோ சட்டமோ அவர் தேர்ந்த துறை அன்று. தம் தாய்மொழியையும் அதன் இலக்கியத்தையும் ஓதும் துறையையே தேர்ந்தார்.

அத்துறையின் பிறப்பே சுவையானது. மேலைநாட்டுக் கல்வியைக் கற்பித்தற்கென 1877இல் தோக்கியோப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றபொழுது, யப்பானிய இலக்கியமும் சீன இலக்கியமும் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட சிறு துறையாகவே இருந்தன. 1886இல் யப்பானிய மொழிநூற் பேராசிரியராக அமர்த்தப்பட்டவர் பசில் ஹோல் சேம்பர்லேன் என்னும் ஆங்கிலேயர்! யப்பானியர் தம் மொழியின் இலக்கணத்தைப் புதுமுறையிற் காண ஓர் ஆங்கிலேயரிடம் பாடங்கேட்டனர். அவரிடம் கற்ற உவேதா கசுத்தோசி செருமனி சென்று மீண்டு 1894இல் பேராசிரியரானார். உவேதாவின் மாணாக்கர் ஹசிமோத்தோ சிங்கிச்சி. ஹசிமோத்தோவின் மாணாக்கரே ஓனோ. கால்டுவெல் ஐயர் 1856இல் எழுதிய நூலைக்கொண்டு நம் மொழியை நாம் புதுமுறையில் நோக்கத் தொடங்கியதை எண்ணும்பொழுது, இவ்வழிமுறை நமக்குப் புதிதாகத் தோன்றாது.

ஹசிமோத்தோவிடம் ஓனோ கற்றது யாது என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். அதனை அறியாதார்க்கு அவர் வாழ்க்கை விளங்காது.

யப்பானியர்க்குத் தொடக்கத்தில் எழுத்தில்லை. சீன எழுத்தையே பெற்று, அவற்றை ஒலிக்குறிகளாக வைத்துத் தம் மொழியை எழுதினர். 712இல் தொகுக்கப்பட்ட கொஜிகியும், 720இல் முடிந்த நிஹோன் சோக்கியும், எட்டாம் நூற்றாண்டின் பெருந்தொகையாகிய மன்யோசூவும் அவ்வெழுத்திலே உள்ளன. ஓர் ஒலிக்குப் பல சீன எழுத்துகள் வழங்கும். கி என்னும் ஒலியை எழுதப் பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் இருக்கலாம். பிற்காலத்தார் அவை யாவும் ஒன்றே என எண்ணிப் படித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மோத்தோஓரி நொரினாகாவும் அவர் மாணாக்கர் இசிசூக்கா தத்சுமாரோவும் அதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டனர். கி, ஹி, மி, கெ, கொ, தொ முதலிய சில அசைகளுக்குரிய எழுத்துகள் இரு கூட்டமாகப் பிரிந்து நின்றன. ஒரு சொல்லில் முதற்கூட்டத்து எழுத்து வருமாயின் இரண்டாங்கூட்டத்து எழுத்து அச்சொல்லில் வருவதில்லை. அவ்வுண்மை மறக்கப்பட்டுக் கிடந்தது. 1917இல் ஹசிமோத்தோ அதனை மீண்டும் வெளிக்கொணர்ந்து, இஃது எழுத்து வேறுபாடு மட்டுமன்று, ஒலி வேறுபாடே என்று நிறுவினார். இன்று ஐந்து உயிரே வழங்கும் அம்மொழியில் பண்டு எட்டு உயிர் இருந்தன என்னும் கொள்கை இதனின்றும் பிறந்தது.

நம் மொழியைக்கொண்டு நோக்கின் இஃது எளிதில் விளங்கும். ரகரமும் றகரமும் பலர் வாயிலே இன்று ஒன்றாகிவிட்டன. ஆயினும் அரம் என்றும் அறம் என்றும் எழுத்தில் வேறுபடுத்தி எழுதுகின்றோம். அவ்வேறுபாட்டை யாரும் கற்பியாது விட்டு ஆயிரம் ஆண்டு கழிந்தபின், ஒருவர் பழைய ஏடுகளை எண்ணிப் பார்த்து, இவ்விரண்டும் மயங்காது வருகின்றனவே, எனவே ஒருகாலத்தில் இவை வேறு ஒலிகளாதல் வேண்டும் என்று கண்டால் எத்தகைய வியப்பு உண்டாகும்!

இதனாற் போந்த பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். யப்பானியத்திலே கமி என்றால் தெய்வம். கமி என்றால் மேல் என்றும் பொருள். மேலே இருப்பதாற் தெய்வத்துக்கு அப்பெயர் வந்தது என்று மக்கள் நெடுங்காலம் கூறிவந்தனர். பண்டை எழுத்தை நோக்கினாலோ, தெய்வத்தைக் குறிக்கும் சொல்லின் மிகரம் ஒரு கூட்டம். மேல் என்பதன் மிகரம் மற்றைக் கூட்டம். அவ்விளக்கம் அன்றே வீழ்ந்தது. இரு சொற்கள் ஒலியால் ஒத்தன, பொருளாலும் இயைந்தன என்பது கொண்டு அவற்றை உறவெனக் கூறலாகாது என்பதே ஹசிமோத்தோவின் வகுப்பில் ஓனோ கற்ற முதற்பாடம். இதனை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும், பின்னர் வேண்டப்படும்.

1943இல் ஓனோ பட்டம் பெற்றார். நம் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விபுலானந்த அடிகள் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்ததும் அதே 1943ஆம் ஆண்டே. இங்கே ஒரு மொழித்துறைக்கு வாயில் திறந்த காலத்தில் அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்திலே, மாணாக்கர்க்குப் படைப்பணியினின்றும் அளிக்கப்பட்டிருந்த ஒத்திவைப்பை யப்பானிய அரசு நீக்கிற்று. விஞ்ஞானமும் பொறியியலும் பயின்றார் பலர் விடப்பட்டனர். இலக்கியமும் சட்டமும் பயின்றார் அழைக்கப்பட்டனர். நாட்டுக்கு எவ்வறிவு வேண்டும், எஃது வேண்டா என்னும் தீர்ப்பை அதனினும் வெளிப்படையாக எவரும் எழுதியதில்லை. 1945 மார்ச்சு 10ஆம் நாள் இரவு வான்வழி பொழிந்த தீக்குண்டுகளால் புக்ககாவா மீண்டும் எரிந்தது. ஆசிரியர் ஹசிமோத்தோவும் அவ்வாண்டே மறைந்தார். தோல்வியுற்று, உணவின்றி, தன்மேல் நம்பிக்கையும் இழந்து நின்ற நாட்டிலே, எட்டாம் நூற்றாண்டு எழுத்தை எண்ணிக்கொண்டிருந்த இளைஞரின் நிலையைச் சிந்தித்துப் பார்க்க. அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

1950இல் கக்சுயின் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். ஒருகாலத்தில் உயர்குடிப் பிள்ளைகளுக்கென இருந்த அப்பள்ளி 1949இலேதான் பல்கலைக்கழகமாயிற்று. அங்கேயே 1960இல் பேராசிரியராகி, 1990இல் ஓய்வு பெறும்வரை நாற்பதாண்டு கற்பித்தார். நிஹோன் சோக்கியின் ஒலியெழுத்துகளை ஆராய்ந்த அவர் நூல் 1953இல் வெளிவந்தது. இவனாமி பதிப்பகத்தார் வெளியிட்ட பண்டை இலக்கிய வரிசையிலே, நாலாயிரத்தைந்நூறு பாடல்களையுடைய மன்யோசூவை வேறிருவரோடு சேர்ந்து நான்கு தொகுதிகளாக உரையுடன் பதிப்பித்தார். அப்பணி 1957 தொடங்கி 1962 வரை நடந்தது. 1974இல் சதாக்கே, மயேதா என்னும் இருவருடன் அவர் தொகுத்த இவனாமிப் பழஞ்சொல் அகராதி வெளிவந்தது. பிற அகராதிகள் வினைச்சொல்லை முற்று வடிவில் நிறுத்துவன. இவ்வகராதியோ பெயரோடும் பிறவினையோடும் சேர்ந்து மிகுதியாக வழங்கும் எச்ச வடிவையே தலைச்சொல்லாக நிறுத்தியது. அகராதியைத் திறப்பவர்க்குத் தொல்லை தரும் புதுமைதான். ஆயினும் சொல்லின் வேரை நாடுவோர்க்குத் துணையாயிற்று.

இலக்கணத்திலும் அவர் கண்டவை பல. அவற்றுள் ஒன்று நமக்கு நெருங்கியது. பழைய யப்பானியத்திலே சொ, நமு, யா, கா, கொசோ என்னும் இடைச்சொற்களுள் ஒன்று வாக்கியத்தில் ஒரு சொல்லை அழுத்திக் காட்டுமாயின், இறுதி வினை வழக்கமான முற்றாக நில்லாது வேறு வடிவம் கொள்ளும். இதனைக் ககாரி முசுபி என்பர். தொடுப்பும் முடிப்பும் என்று தமிழ்ப்படுத்தலாம். இதனை விளங்கிக்கொள்ள நம் ஈழத்தவர்க்கு அதிக நேரம் வேண்டியதில்லை. அவர் சொன்னார் என்போம். அவரையே அழுத்திக் கூறுங்கால் அவர்தான் சொன்னது என்கின்றோம். தான் வந்தவுடன் சொன்னார் என்னும் முற்று சொன்னது எனப் பெயர்வடிவாகி விடுகின்றது. சிங்களத்திலும் இத்தகைய அமைப்பு உண்டு. இதனை ஆராய்ந்து ஓனோ 1993இல் வெளியிட்ட நூல் யொமியூரி இலக்கியப் பரிசைப் பெற்றது. சங்கத் தமிழிலும் இதற்கிணையான அமைப்பு உண்டு என்று அவர் கருதினார்.

தாழ்வுபாட்டு மாணவன் பின்னொருநாள் எனக்குக் கூறிய செய்தியையும் ஈண்டே சேர்த்துவிடுகின்றேன். யப்பானியத்திலே கொரே என்பது பேசுவோன் அருகில் உள்ள பொருள், சொரே என்பது கேட்போன் அருகில் உள்ள பொருள், அரே என்பது இருவர்க்கும் சேய்மையில் உள்ள பொருள், தொரே என்பது வினா. களனியில் உடன்பயின்றோர் சிலர் சொரேயையும் அரேயையும் மயக்கி இடர்ப்பட, தனக்கு அஃது இடர் தரவில்லை என்றான். இது, உது, அது, எது என்று அவன் தாயார் அன்றாடம் பேசும் பேச்சே அது. தமிழகத்தார் பேச்சில் உகரச்சுட்டு அருகிவிட்டது. தொல்காப்பியர் கூறிய மூன்று சுட்டையும் வாயில் வைத்திருப்பவர் நம்மவரே.

இனித் தமிழ் வந்த கதை. யப்பானியத்தின் தோற்றம் பற்றி 1957இலேயே ஓனோ ஒரு சிறுநூல் எழுதினார். தென்கடல் தீவுகளின் மொழிபோன்ற ஒன்று அங்கே முதலில் வழங்கிற்று என்றும், பின்னர் கொரியா வழியாக வந்த வடபுல மொழி அதன்மேற் படிந்தது என்றும் அதிற் கூறினார். நூல் பெரிதும் விற்பனையாயிற்று. ஆயின் சொற்களை ஒவ்வொன்றாக எதிர்வைத்துக் காட்ட இயலவில்லை என்னும் குறை அவரை வருத்திக்கொண்டே இருந்தது. அகராதிப் பணி முடிந்தபின், பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் 1961இல் வெளியிட்ட திராவிட ஒப்பியல் அகராதியை ஆராயத் தொடங்கினார். திராவிட மொழிகளோடு யப்பானியத்தை ஒப்பிடும் முயற்சியை அவருக்கு முன்னரே அந்நாட்டார் ஓரிருவர் தொடங்கியிருந்தனர். பழஞ்சொல் அனைத்தையும் நாவிலே வைத்திருந்த ஒருவர் அவ்வகராதியைப் புரட்டியது அதுவே முதன்முறை. அப்பொழுது அவருக்கு ஏறக்குறைய அறுபது வயது.

அறுபது வயதில் அ, ஆ எழுதத் தொடங்கினார். சென்னைக்குச் சென்று பேராசிரியர் பொற்கோ அவர்களோடு கூடி ஆராய்ந்தார். தமிழ், யப்பானிய ஒலியிணைகள் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1980இலும், யப்பானியமும் தமிழும் என்னும் பெருநூல் யப்பானிய மொழியில் 1981இலும் வந்தன. சில நூறு சொற்களை அவர் இணைத்துக் காட்டினார். அவற்றுட் சில உழவுக்குரியன. வயலைக் குறிக்கும் நம் செறுவுக்கு நேராக ஷிரோ. படுகருக்கு நேராக விளைநிலத்தைக் குறிக்கும் ஹத்தகே. நம் பகரத்துக்கு நேர் அங்கே ஹகரம் வருவது ஒழுங்கு. அந்த ஹகரம் பண்டு பகரமாக ஒலித்தது என்பதை யப்பானியரே ஒப்புவர். உள்ளத்துணர்வு பற்றிய சொற்களும் உண்டு. கெஞ்சியின் கதை என்னும் பெருங்காப்பியத்தின் உயிர்நிலை என்று நொரினாகா கூறிய அவாரெ என்னும் இரக்க உணர்வை, ஓனோ நம் அவலத்தோடு இணைத்தார். எண்வகை மெய்ப்பாட்டில் அழுகையும் அவலமும் கற்பிக்கும் எனக்கு அவ்விடத்தைப் படித்தபொழுது மெய்சிலிர்த்தது.

ஈழத்துக்கு இதில் உரிய பங்கு சிறிதன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாஸ் அவர்களும் துணைவியார் மனோன்மணி சண்முகதாஸ் அவர்களும் 1980களிலிருந்து கக்சுயினில் ஓனோவோடு இருந்து உழைத்தனர். சங்கப் பாட்டின் ஒரு சொல் எப்பொருளில் எங்கே வருகின்றது என்பதை வரிவரியாக எடுத்துக் கொடுத்தோர் அவர்களே. மனோன்மணி அம்மையார் மன்யோசூப் பாடல்களைத் தமிழாக்கி அகப்பாடல்களோடு ஒப்புநோக்கினார். நாட்டிலே போர் மூண்டிருந்த காலத்தில், தோக்கியோவின் ஓர் அறையில் குறுந்தொகையும் மன்யோசூவும் ஒரே மேசையில் விரிந்து கிடந்தன என்பதை எண்ணுதல் எனக்கு ஆறுதல் தருவது.

இனி, பலர் கூறாது விடுவதையும் கூறுதல் வேண்டும். யப்பானியம் தமிழினின்று பிறந்தது என்று நிறுவப்பட்டுவிட்டது என மேடையேறி முழங்கியவருள் யானும் ஒருவன். பொங்கல் விழாவொன்றில் அவ்வாறு பேசிக் கைதட்டும் பெற்றேன். அது பிழை. மொழிநூலார் பெரும்பாலோர் அக்கொள்கையை அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. மொழியியலறிஞர் முரயாமா சிச்சிரோ 1982இலேயே அதனை மறுத்து ஒரு தனிநூல் எழுதினார். தமிழை மட்டும் எடுத்துக்கொண்டு, தெலுங்கு, கன்னடம், கூயி முதலிய இனமொழிகள் யாவற்றுக்கும் மூலமான பழந்திராவிட வடிவத்தை விடுதல் முறையன்று என்பது ஒரு தடை. இரு பெரிய அகராதிகளை எதிரெதிரே வைத்து, பொருளைச் சற்று நெகிழ விட்டால், உறவில்லா மொழிகளிலும் சில நூறு இணைகள் தற்செயலாகக் கிடைக்கும் என்பது மற்றொன்று. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வைப்புமுறையும் உருபு பின்னே வருதலும் கொரியத்திலும் மொங்கோலியத்திலும் துருக்கியத்திலும் உள்ளன. அவைகொண்டு உறவு கூற இயலாது. தமிழறிஞர் கமில் சுவெலபில் 1985இல் இலண்டன் ஆராய்ச்சி இதழ் ஒன்றிலே இக்கொள்கையைப் பரிவோடு ஆராய்ந்தார். ஆராயத்தக்கது என்பதற்கும் நிறுவப்பட்டது என்பதற்கும் இடையே தொலைவு உண்டு என்பது அவர் கட்டுரையைப் படிப்பார்க்குப் புலனாகும்.

கமி என்னும் இரு சொற்களை எழுத்தளவில் நிறுத்துப் பிரித்த அதே துலாக்கோலில் மற்றையோர் ஓனோவின் இணைகளை வைத்து நிறுத்தனர். அஃது அவர்க்கு நேர்ந்த அவமதிப்பன்று. அவர் கற்ற கல்வியின் முறையே அது.

தமிழாசிரியன் என்ற அளவில் எனக்கும் இரண்டு ஐயங்கள் உண்டு. யப்பானியத் தங்காவின் ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு, ஏழு என்னும் அசை எண்ணிக்கை சங்கச் செய்யுளிலும் காணப்படும் என்று ஓனோ கருதினார். நம் அகவல் சீராலும் தளையாலும் நடப்பது. தொல்காப்பியச் செய்யுளியல் எழுத்தெண்ணி அடி வகுப்பது உண்மையே; ஆயினும் அங்கே ஐந்தும் ஏழும் மாறி வருதல் என்னும் கட்டளை இல்லை. மற்றையது பொங்கல். யப்பானிலே சிறுபுத்தாண்டு என்று யனவரி 15ஆம் நாளையொட்டிச் செம்பயறு இட்ட கஞ்சி சமைத்தலும், காகத்தை அழைத்து உணவிடுதலும், சில வடபுல ஊர்களில் ஹொங்கா என்று ஆர்த்தலும் உண்டு. இதனை ஓனோ நம் பொங்கலோ பொங்கலோடு இணைத்தார். கேட்க இனிக்கின்றது. ஆயின் யப்பானியர் 1873இலேதான் மேலைநாட்டு நாட்காட்டியை மேற்கொண்டனர். அதற்குமுன் அவர்தம் சிறுபுத்தாண்டு ஆண்டின் முதற் பூரணையில் வந்தது. நம் பொங்கலோ கதிரவன் மகர இராசியிற் புகும் நாள். ஒன்று மதியைப் பற்றியது, மற்றையது ஞாயிற்றைப் பற்றியது. நாள் ஒத்தது தற்செயலே.

மறுப்புகளை ஓனோ கேளாதவரல்லர். 1957இல் எழுதிய அந்நூலின் பெயரையே வைத்து 1994இல் முற்றிலும் புதிதாக வேறொரு நூல் எழுதினார்; பழையது வழக்கொழிந்தது. பின்னாளில், இரு மொழியும் ஒரு தாய் வயிற்றின என்னும் நிலையினின்றும் விலகி, தென்னாட்டினின்று கடல்வழிச் சென்றோர் நெல்லும் இரும்பும் நெசவும் கொண்டுசெல்ல, அவர் மொழி அங்கிருந்த மொழியோடு கலந்தது என்றார். யப்பானுக்கு நெல் சீனத்தினின்று கொரியா வழியாக வந்தது என்பதே தொல்லியலார் பலரும் கொள்வது. ஆதலின் இக்கருத்துக்கும் எதிர்ப்பு இருந்தது. அவர் தளரவில்லை. பிழைபட்டாரோ அன்றோ, அறுபது வயதில் ஈட்டிய பெயரை எல்லாம் பணயமாக வைத்து வேற்றுமொழி ஒன்றின் அரிச்சுவடியைக் கையில் எடுத்தவர் அவர். அத்துணிவை அவரை மறுத்தோரும் மறுத்ததில்லை.

நாட்டு மக்களுக்கு அவர் வேறு முகத்தினர். 1963இல் நிகழ்ந்த சயாமாக் கொலை வழக்கிலே, மிரட்டற் கடிதத்தின் எழுத்தையும் நடையையும் ஆராய்ந்து, குற்றஞ்சாட்டப்பட்டவர் அதனை எழுதியிருத்தல் இயலாது என்று எதிர்த்தரப்புக்காக அறிக்கை அளித்தார். பழஞ்சொல் ஆய்வு ஓர் ஏழை மனிதனின் உயிர்வழக்கில் இவ்வாறு புகுந்தது. எழுத்தாளர் மருயா சயிச்சியோடு அமர்ந்து கெஞ்சியின் கதையை அத்தியாயம் அத்தியாயமாகப் பேசிய உரையாடல் 1989இல் நூலாயிற்று. 1999இல், எண்பதாம் வயதை எட்டும் காலத்தில், தாய்மொழியைச் செவ்வனே எழுதப் பயிற்றும் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். வா என்னும் இடைச்சொல் அறிந்த பொருளையும் கா என்பது அறியாத பொருளையும் சுட்டும் என்பன போன்ற நுட்பங்களைப் பயிற்சி வினாக்களாக அமைத்த அந்நூல் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. இலக்கணப் பயிற்சி நூலுக்கு இத்தகைய வரவேற்பு என்றால், இலக்கணப் பாடவேளையில் உறங்கும் நம் மாணவ அன்பர்கள் நம்பமாட்டார்கள்.

தாழ்வுபாட்டுக்கு யான் சென்றது, இவ்வரலாற்றைப் பாதியளவு அறிந்தபின். கரையிலே வலை காய்ந்துகொண்டிருந்தது. யான் முன்னர் சொன்னது பிழை, பிள்ளை விரும்பியதையே படிக்கட்டும் என்று தந்தையாரிடம் சொன்னேன். படித்து வந்தால் வேலை கிடைக்குமா என்று அவர் கேட்டார். அதற்கு யான் உறுதி கூறவில்லை. கூறுதல் நேர்மையாகவும் இராது. அவர் நெடுநேரம் கடலைப் பார்த்திருந்துவிட்டு, விண்ணப்பத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டார்.

ஓனோ 2008ஆம் ஆண்டு யூலை 14ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதில் தோக்கியோவில் மறைந்தார். பண்டை இலக்கியத்தின் அடிப்படைச் சொற்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் வரலாற்றையும் விரித்துரைக்கும் அகராதி ஒன்று அப்பொழுது அவர் மேசையில் முடியாது கிடந்தது. மாணாக்கர் அதனை எடுத்து முடித்து 2011இல் வெளியிட்டனர்.